எழுபத்தைந்து பாகை

அப்புத்தளையில் டிஷ் பூட்டுகிறவன் நான்.
தூர நாடுகளில் தட்டைச் சுவர்போல நிமிர்த்துவார்களாம்;
இங்கே ஏறக்குறைய மல்லாத்தி வைக்கவேண்டும்.
மழை நிரம்பும். அடியில் ஒரு துளை போடாவிட்டால்
சீரியல் கதாநாயகி தண்ணீருக்குள் நின்று அழுவாள்.

இருதயமேரியக்காவின் லயக் கூரை.
தகரம் இன்னும் சுடுகிறது.
"வந்துச்சா தம்பி?"
"இல்லக்கா."
கிழக்கே கொஞ்சம். மேலே ஒரு மயிரிழை.

நான் தேடும் செய்மதிக்கு உயிர் உண்டு.
தென்மேற்கில், முள் அசையாத இடத்தில்,
இன்னொன்று இருக்கிறது.
சோவியத் காலத்துச் சரக்கு.
அட்டவணையில் பெயருக்கு மேல் கோடு கிழித்திருக்கும்.

மூடி முறுக்கிய பீப்பாய் அது.
மற்றவர்கள் கருவிகளை வெறுமைக்குப் பழக்கினார்கள்;
இவர்களோ நைதரசன் அடைத்து
பூமியின் அறை ஒன்றையே
தூக்கி அனுப்பிவிட்டார்கள்.
உள்ளே, குழல்களின் சூட்டை வாரிக்கொண்டு போக
இரவு பகலாய் ஒரு விசிறி.

விசிறி எனக்குத் தெரியும்.
பெக்டரி மாடியில், கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குப் பின்னால்
பதினாலு வருசம் பேரிங் மாற்றியிருக்கிறேன்.
அது நின்றால் முதலில் மணம் மாறும்,
பிறகுதான் துரை ஓடிவருவார்.
மேலே மூக்குமில்லை, துரையுமில்லை.
காற்று கசிந்திருக்கும்,
வெயில் பக்கம் கொதித்து, நிழல் பக்கம் உறைந்து.

மிச்ச எரிபொருளில்
இன்னும் உயரே, சுடுகாட்டுப் பாதைக்கு ஏற்றிவிடுவது வழக்கம்.
இதற்கு எரிபொருள் தீர்ந்ததோ,
கட்டளை சொல்ல ஆள் தீர்ந்ததோ.
விட்டதெல்லாம் விட்ட இடத்தில் நிற்பதில்லை.
பூமி சரியான உருண்டையில்லை;
நடுக்கோட்டுக்கு மேலே இரண்டு பள்ளம்.
ஒன்று எழுபத்தைந்தாம் பாகையில்,
நம் தலைக்குச் சற்று மேற்கே.
அதில் சரிந்து, தாண்டி, திரும்பிச் சரிந்து
ஏணைபோல ஆடுகிறது. ஓர் ஆட்டத்துக்குச் சில வருசம்.
அதற்கிடையில் தினமும்
லைசன்ஸ் எடுக்கப் போனவனைப்போல
எட்டுப் போடுகிறது.

அட்டவணையில் 'நாடு' என்று ஒரு கட்டம்.
அப்பாவின் பாரத்தில் அந்தக் கட்டம்
நாற்பது வருசம் காலியாய்க் கிடந்தது.
இதற்குக் கட்டம் நிரம்பியிருக்கிறது,
நாடுதான் இல்லை.
ஒன்றென்று சொல்லமாட்டேன்.
இது ஓய்வுபெற்றது.
அப்பாவைக் கடைசிவரை மலையேற்றினார்கள்.

"வந்துருச்சு தம்பி! அப்படியே விடு!"

நட்டை இறுக்கவில்லை.
என்ன தோன்றியதோ, இரண்டு கையாலும்
தட்டைத் தென்மேற்காய்த் திருப்பினேன்.
கீழே சமவெளி விளக்குகள், அதற்கப்பால் கடல் என்கிற கறுப்பு.
மீட்டரில் முள் படுத்தே கிடந்தது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படம் போச்சு தம்பி!"
"காத்துக்கா," என்றேன்.

திருப்பி வைத்து இறுக்கினேன்.
ஏணியில் இறங்கியபிறகுதான் ஞாபகம்:
துளை போடவில்லை.