நல்லதண்ணி

மூண்டு போத்தல்.
பேர்கனில இருந்து றெஜினோல்ட் அனுப்பினது.
கட்டுநாயக்காவில ஒரு கிழமை வெக்கைக்குள்ள கிடந்து
குளிசையெல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டிப்போச்சு.
கத்தி முனையால ஒண்டைப் பிரிச்செடுக்கிறன்.
மஞ்சள். மீன் மணமில்லை.

பொஸ்போலிப்பிட்டாம்,
கலத்தின்ர மென்சவ்வுக்குச் சாமான்.
ஒவ்வொண்டுக்கும் ஒரு தலை, ரெண்டு வால்.
தலை தண்ணியைத் தேடும்
வால் தண்ணியைக் கண்டால் ஒளிக்கும்.
வாலோடு வால் ஒளிச்சு
ரெண்டு வரிசையா நிண்டதுக்குள்ளதான் உயிர் இருக்காம்.
"உனக்கு அது கிழிஞ்சுபோச்சடா"
எண்டான் போனில.
ஓம் எண்டனான்.
ஆறு வருசமா ஒருத்தரும்
எனக்கு என்ன கிழிஞ்சதெண்டு சொல்லேல்லை.

ரத்தம் சரி. தைரொயிட் சரி. ஸ்கான் சரி.
பெரியாஸ்பத்திரிக் கொப்பி முழுக்கச் சரி.
ஏலாமை மட்டும்
அதில ஒரு கட்டத்துக்குள்ளயும் அடங்கேல்லை.
டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பாத்தார்.
"சின்னச் சின்ன ஆய்வுதான் இருக்கு.
நம்பச் சொல்ல மாட்டன்,
எறியச் சொல்லவும் மாட்டன்.
முட்டை மஞ்சளுக்குள்ளயும் இதுதான்."
அண்டிரவே மரியதீபா ரெண்டு முட்டை அவிச்சா.

என்ர வேலை கிணறு அளக்கிறது.
கோப்பாய், நீர்வேலி, புத்தூர்.
கம்பியை இறக்கி
உப்பு எவ்வளவெண்டு எழுதுறது.
எங்கட நிலத்துக்குக் கீழ கடல்.
அதுக்கு மேல, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள,
மெல்லிசா ஒரு நல்லதண்ணி மிதக்குது.
நடுவில ஒருத்தரும் ஒண்டும் கட்டேல்லை.
பாரம் குறைஞ்சது மேல, கூடினது கீழ,
அவ்வளவுதான் வேலி.
கூட இறைச்சால் உப்பேறும்.
ஏறினது இறங்க ஒரு மழை காணாது,
எத்தனை மாரி வேணுமோ.

வெங்காயத் தோட்டமெல்லாம் போய்
இதைச் சொல்லித் திரிஞ்சனான்.
எனக்குச் சொல்லேல்லை.

நாப்பத்தேழாம் நாள்.
குளிசை வேலை செய்யுதோ, தெரியாது.
செவ்வாய் புத்தூர் மட்டும் போய்வந்தன்,
சந்தோசத்தில மோட்டச்சைக்கிளையும் கழுவினன்.
புதன் முழுக்கக் கட்டில்.
தலையிழுக்கக் கை எழும்பேல்லை.

பதிவேட்டின்ர கடைசிப் பக்கத்தில
எனக்கும் ஒரு கிணத்து இலக்கம் போட்டிருக்கிறன்.
இண்டைக்கு:
குளிசை ரெண்டு, முட்டை ஒண்டு,
கிணறு மூண்டு.
நாலாவதுக்குப் போகேல்லை.
தோட்டக்காரர் கேட்டால்
மீற்றர் பழுதெண்டு சொல்லுவன்.