வரிசை நாற்பத்தொன்று

மழை வராது என்று நம்பி
விதைப்பவர்கள் நாங்கள்.
மக்கின்டுவுக்குத் தெற்கே, மொம்பாசா ரயில் பாதையை ஒட்டி,
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டாக இருக்கும் ஜூனில்
முந்நூறு வரிசை மக்காச்சோளம்.
வரிசைக்கு ஓர் எண். பெயர் கிடையாது.

ஐம்பது நாள் குழாய்த் தண்ணீர்.
பிறகு முத்தோகா வந்து அடைப்பானைத் திருகுவான்,
முகத்தை ரயில் பக்கம் திருப்பிக்கொண்டு.
அதற்கென்று சம்பளத்தில் தனிப் படி இல்லை.

என் வேலை எண்ணுவது.
உச்சியில் ஆண்பூ விரிந்து தூள் உதிர்க்கும் நாள்.
இடுப்பில் கதிர் பட்டிழை நீட்டும் நாள்.
நடுவில் எத்தனை நாள் என்று
கட்டத்துக்குள் பென்சிலால் ஓர் எண்.
பேனா என்றால் வியர்வையில் கரையும்.
தண்ணீர் இருந்தால் ஒன்று, இரண்டு.
தாகத்திலும் ஆண்பூ நாள் தவறுவதில்லை;
பட்டிழைதான் உறைக்குள்ளேயே தயங்கும்.
ஆறு. ஏழு. ஒன்பது.
அது எட்டிப் பார்க்கும்போது
காற்றில் ஒரு பொட்டுத் தூள் இருக்காது.
பல் முளைக்காத ஈறு போல
வெறும் சக்கை.

ஒரே ஒரு மரபணுவைத் தேடாதே,
அப்படியொரு ராஜா அங்கே இல்லை
என்பார் டாக்டர் நசிமியு.
பத்து குரோமோசோமிலும் சிதறிக் கிடக்கும்
நூறு நூறு சின்னக் கைகள்.
ஒன்று இலைத்துளையைச் சற்று முன்பே சாத்தும்.
ஒன்று வேரை நேரே கீழே போகச் சொல்லும்.
ஒன்று, இருக்கிற கொஞ்சம் சர்க்கரையைக்
கதிருக்கு விட்டுக்கொடுக்கும்.
தனியே கூப்பிட்டு விசாரித்தால்
'நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்' என்னும் ஒவ்வொன்றும்.

என் பெயர் வயூவா.
யூவா என்றால் எங்கள் காம்பா மொழியில் பஞ்சம்.
அப்போது பிறந்தேன், அவ்வளவுதான்.
மூன்று வருடம் கழித்து வந்தவள் மும்புவா, மழைக்காரி.
அதே அப்பா, அதே அம்மா.
மத்தியானம் அவளுக்குத் தலை சுற்றும்;
நான் பொழுது சாயும்வரை நிற்பேன்.
இது எந்தக் குரோமோசோமில், டாக்டர்?
'உன்னை முந்நூறு வரிசை விதைத்தால் சொல்கிறேன்.'

ஆகஸ்ட் பதினாறு.
வரிசை நாற்பத்தொன்று பத்து மணிக்கே
இலையைப் பாயாகச் சுருட்டிக்கொண்டது.
தோற்றது என்று குறித்தேன்.
மறுநாள் விடியலில் பட்டிழை,
இளம்பச்சையாக, ஈரமாக.
ஆண்பூ வந்து இரண்டே நாள்.
அழித்துவிட்டு 2 என்று எழுதி
சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
வட்டம் போடக் கூடாது.
போட்டேன்.

அன்றிரவு மழை.
தகரத்தில் யாரோ கல்லெறிவதாகத் தொடங்கி
மூன்று மணி நேரம், பருவம் தெரியாத மழை.
வேலிக்கு அந்தப் பக்கம் மும்புவா
வாளி, சட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டி
எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டாள்.
துவரை நிமிர்ந்தது. ஆடுகள் கொட்டிலுக்கு வர மறுத்தன.
வேலிக்கு இந்தப் பக்கம் டாக்டர் நசிமியு
டார்ச் வெளிச்சத்தில் மழைமானியைப் படித்தார்.
முப்பத்தெட்டு மில்லிமீட்டர்.
பாடுபட்டு வளர்த்த வறட்சி
கணுக்கால் வரை நனைந்து நின்றது.
முத்தோகா ஓடிப் போய்
மூடியிருந்த அடைப்பானை
இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.

மூன்றாம் நாள் திரும்பிய பக்கமெல்லாம் பட்டிழை.
ஆறும் ஏழும் ஒன்பதும் ஆகவேண்டியவை
நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில்
அதைப் போலவே நின்றன.
யாருக்குத் தாங்கும் என்று ஈரத்தில் தெரிவதில்லை.

'உங்களுக்கும் நல்லதுதானே?' என்றாள் மும்புவா
வேலியைப் பிடித்துக்கொண்டு, சேறு படிந்த கையோடு.
ஆமாம் என்றேன்.
பொய்யும் இல்லை.

படிவத்தில் கடைசிப் பக்கம்:
சோதனை ரத்து.
சேதத்துக்குக் காரணம், ஒரே சொல்லில்.
பஞ்சத்தின் பெயர் வைத்த கை
கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் நின்றது.
பிறகு எங்கள் மொழியில் எழுதினேன்: ம்புவா.
தங்கையின் பெயரில் முக்கால் பங்கு.

அந்த 2 இன்னும் வட்டத்துக்குள் இருக்கிறது,
கணக்கில் சேராமல்.
முத்தோகா அடைப்பானுக்கு எண்ணெய் போடுகிறான்,
அடுத்த ஜூனுக்கு.