வெள்ளி

எங்கள் ஊரில் பணத்துக்கும் வெள்ளி என்றுதான் பேர்.
ஆண்டவரே, உமக்கு இது தெரியும்.
முப்பதுக்கு உம்மை விற்றவன் கதையைப்
பெரிய வெள்ளியன்று பாஸ்டர் தனசிங் சொன்னபோது
ஜெலுத்தோங் கடைவீட்டு மாடியில்
பதினோரு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஏழு பேர்.
என் சட்டைப் பையில்
ஐம்பது வெள்ளிக்கு ஒரு ரசீது.

காணிக்கைப் பையிலிருந்து எடுத்த ஐம்பது.
பொருளாளர் நான். எண்ணுகிறவனும் நான்தான்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம்,
நுண்ணோக்கியில் குனிந்து சில்லு பார்க்கிற வேலை.
ஒருநாள் என் வரிசை வியட்நாமுக்குப் போனது,
என்னை விட்டுவிட்டு.
அடுத்த மாதம் பாலத்தின்மேல்
மகன் ஆமோஸின் மோட்டாரை லாரி உரசியது.
இடது காலில் ஆறு திருகாணி.
மழை வருவது அவனுக்கு இப்போது முன்னாடியே தெரிகிறது.
அப்புறம் சிவப்பு எழுத்தில் மின்சாரக் கடிதம்:
நூற்று எண்பத்தாறு.
பாரும், திருடியதையும் போதுமான அளவு
எனக்குத் திருடத் தெரியவில்லை.

ஜெபம் பண்ணுங்க அண்ணே என்றார்கள்.
பண்ணினேன்.
மின்தூக்கியில், பேருந்தில்,
பெரியாஸ்பத்திரி வரிசையில்
நாலாயிரத்துப் பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிடுவதற்குள்.
நீர் ஒன்றும் பேசவில்லை.
நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்,
கோபித்துக்கொண்ட அண்ணனோடு
ஒரே வீட்டில் இருப்பவன்போல.

ரூபவதிதான் நிறுத்திவிட்டாள்.
"நான் அவரோட பேசுறதில்ல."
பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோல் சொன்னாள்.
ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி
என் வெள்ளைச் சட்டை
கதவுப் பிடியில் தொங்கும்.
கழுத்துப்பட்டை கத்திமுனையாய் நிற்கும்.
கோபத்தில் போட்ட இஸ்திரி.

அன்று ஆராதனை முடிந்து
கீழே டயர் கடை வாசலில்
பாஸ்டரிடம் ரசீதை நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார், கண்ணாடி இல்லாமல்.
"சாப்பிட்டியா?"
"இன்னைக்கு உபவாசம், ஐயா."
"திருடினவனுக்கு என்னப்பா உபவாசம்?"
மாமாக் கடையில் ரொட்டி சானாய் வாங்கித் தந்தார்.
எனக்கு விழுங்க வரவில்லை.
மாடிச் சாவியை மேசைமேல் வைத்தேன்.
குழம்புத் தட்டைத் தள்ளுவதுபோல் என் பக்கமே தள்ளினார்.
"அடுத்த ஞாயிறு யாரு கதவு தொறப்பா?
என் முட்டி வலி உனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான் மன்னிப்பு.
வாரம் ஐந்து வெள்ளி என்று பேச்சு.

இப்போது தஞ்சோங் தோக்கோங்கில் ராக் காவல்,
பன்னிரண்டு மணி நேரம்.
கடல் பார்த்த வீடுகள்,
கார்களைப் பார்த்த நான்.
ஞாயிறு விடிய சீருடையைக் கழற்றி
காவல் கூண்டிலேயே வெள்ளைச் சட்டை மாட்டி
முதல் பேருந்து பிடிக்கிறேன்.
சில வாரம் பிரசங்கத்தில் தூங்கிவிடுகிறேன்.
மன்னியும். அல்லது மன்னிக்காதேயும்,
எப்படியும் அடுத்த வாரம் வருவேன்.

ஏழு பேர் ஆறானோம். லாசர் மாமி
சிங்கப்பூர் மகளோடு போய்விட்டார்கள்.
கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி.
பாட்டுக்கு நடுவே அது தாளம் போடும், தப்பாக.

எட்டு வாரம். நாற்பது வெள்ளி.
கணக்கு நோட்டில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்:
கடன், என் பெயர், தேதி.

ஒன்பதாம் வாரம் சட்டைப் பையில் ஏதோ உறுத்தியது.
சிவப்புப் பத்து வெள்ளி நோட்டு.
அதையும் இஸ்திரி போட்டிருந்தாள்,
ஒரு மடிப்பு இல்லை.
தொலைபேசியில் கேட்டேன்.
"கடன்னா கடன்தானே" என்றாள்.
"அவருக்காக இல்ல."
பின்னால் ஆமோஸ் சிரிக்கிற சத்தம்.

நோட்டைத் திறந்து
பெயர் எழுதும் இடத்தில் பேனாவை வைத்தபடி
எவ்வளவு நேரம் இருந்தேனோ.
ரூபவதி, பத்து, என்று எழுதினேன்.
கீழேயே கடை வாடகை: இரண்டு மாதம் பாக்கி.

சன்னலைத் திறந்தேன். கொடிமலையில் பனி.
கீழே ஆ சூன் ஞாயிறென்றும் பாராமல்
முதல் திருகைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.
பதினோரு நாற்காலியையும் துடைத்துப் போட்டேன்.
மூலையில் ஒரு கால் வளைந்து
ஓரமாய்க் கிடந்த பன்னிரண்டாவதை எடுத்து
காலுக்கடியில் அட்டை மடித்து வைத்து
அழுத்திப் பார்த்தேன்.

கொஞ்சம் ஆடுகிறது. தாங்கும்.