தாயைக் காட்டச் சொன்னேன்

பிஸ்கட் டப்பாவில் முந்நூற்று நாற்பது பவுண்ட்.
மீன் தொழிற்சாலை இரவுகளிலிருந்து
செதில் செதிலாய்ச் சுரண்டியது.
கிரிம்ஸ்பியில் எதை எண்ணினாலும்
விரலில் கொஞ்சம் மீன் வாடை.

வேண்டியது ஒரு சின்ன நாய்.
வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சம்மதம்
முழங்காலுக்குக் கீழேதான் செல்லும்.

முதலில் கிடைத்தவன் இருநூறு கேட்டான்.
நெடுஞ்சாலை ஓரப் பெட்ரோல் நிலையத்துக்கு வரச் சொன்னான்.
பெயர் ஸ்டீவ் என்றான்;
அன்று காலை அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.
நீல நிறக் கார். டிக்கியைத் திறந்தான்.
வாழைப்பழ அட்டைப்பெட்டிக்குள்
உள்ளங்கை அளவு யார்க்‌ஷயர் டெரியர்.
கண்ணில் பீளை.
நடுக்கம் மட்டும் பெரிய நாயினுடையது.

"தாய் எங்கே?"
"வீட்டில்."
"வீடு எங்கே?"
"தூரம்."
"தடுப்பூசி?"
"எல்லாம் போட்டாச்சு. தாள் பின்னால் வரும்."

பாலைப் பார்த்துத்தான் பசு,
தாயைப் பார்த்துத்தான் குட்டி.
இவனிடம் பார்க்க இருந்தது
ஒரு டிக்கி.

வாங்காமல் திரும்பினேன்.
நல்ல காரியம் செய்தாய் என்கிறார்கள்.
டிக்கி மூடிய சத்தத்தை
அவர்கள் யாரும் கேட்கவில்லை.
வாங்கியிருந்தால் ஒன்று பிழைத்திருக்கும்;
அடுத்த வாரம் அதே பெட்டியில்
இன்னொன்று வந்திருக்கும்.
கணக்கு சரிதான்.
சரியான கணக்கைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு
ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்.
வண்டி எண்ணை நகரமன்றத்தில் சொன்னேன்.
எழுதிக்கொண்டார்கள்.

காப்பகத்திலும் பெயர் கொடுத்தேன்.
அங்கே இருந்தவை எல்லாம் என் படிக்கட்டைவிட அகலம்.
கிழட்டு மாஸ்டிஃப் ஒன்று
என் ஷூவின்மேல் தலை வைத்துப் படுத்தது.
மன்னிப்புக் கேட்டுக் காலை உருவிக்கொண்டேன்.

பிறகு, லவுத் பக்கம், ஹெஸ்டர் மால்ட்பி.
விற்பவள் அவள்;
கேள்வி கேட்டவளும் அவளே.
"ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்?"
பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது.
"ஒன்பது," என்றேன்.
"அப்படியானால் இல்லை," என்றாள்.
தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

கோபம், பேருந்தில் பாதி வழிவரை.
மீதி வழியில் உறையின் பின்பக்கம் எழுதினேன்:
குட்டியின் விலை ஒரு நாளோடு போகும்.
ஊசி, பூச்சி மருந்து, காப்பீடு,
பதினைந்து வருடத்து மழைக்காலைகள்,
இவை மாதா மாதம் கதவைத் தட்டும்.
டப்பாவில் இருந்தது
நாய்க்கான பணமல்ல,
நாயின் முதல் வாரத்துக்கான பணம்.

கீழ்வீட்டு எர்னஸ்ட் சாக்ஸ்பியைக் கேட்டேன்,
வேலை நேரத்தில் பார்த்துக்கொள்வீர்களா என்று.
நாய் பிடிக்காது, மீன் பிடிக்கும் என்றார்.
முப்பது வருடம் பிடித்தவர்.
வாரம் ஒரு காட் மீன் என்று பேசி முடித்தோம்.

இரவுப் பணியைப் பகலுக்கு மாற்றினேன்;
சம்பளம் கொஞ்சம் மெலிந்தது,
டப்பா இன்னும் மெதுவாக நிறைந்தது.

ஏப்ரலில் ஹெஸ்டரே அழைத்தாள்.
"ஒன்றுக்குக் கீழ்த்தாடை துருத்திக்கொண்டிருக்கிறது,
கண்காட்சிக்கு உதவாது.
சாப்பிடும், குரைக்கும், மருத்துவர் கடிதம் உண்டு.
இப்போது முந்நூறு, மீதி மாதம் நாற்பது.
வளர்க்க முடியாமல் போனால்
வேறு யாருக்கும் அல்ல, எனக்கே தர வேண்டும்."
அதற்கும் ஒரு கையெழுத்து.

நான் கேட்கும் முன்பே தாய் வந்தது.
குட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.
விரல்களை ஒவ்வொன்றாய் முகர்ந்தது.
என் மீன் வாடை
இவ்வளவு நல்ல சான்றிதழ் என்று
இத்தனை வருடம் தெரியாது.

அதன் படுக்கையிலிருந்து வெட்டிய துணி,
அதன்மேல் குட்டி, அதன்மேல் என் கோட்டு.
பேருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.
"என்ன விலை?"
"இன்னும் கொடுத்து முடியவில்லை."

பெட்ரோல் நிலையம் வந்தபோது
நீலக் கார் எதுவும் இல்லை.
இருந்தும் கழுத்தைத் திருப்பி, போகும்வரை பார்த்தேன்.
கோட்டுக்குள் கோணல் வாய் ஒன்று
என் பொத்தானைத் தின்னத் தொடங்கியிருந்தது.