தொடரும்

சாலிகிராமத்து மாடியறை ஒன்றில்
பதினோரு வாரமாகத் தாட்சாயணியை
நாற்காலியில் கட்டி வைத்திருந்தேன்.
கொடூரன் அல்ல நான்,
தொடருக்கு எழுதுகிறவன்;
எபிசோடுக்கு இவ்வளவு என்று கூலி.
அவள் கட்டு அவிழாதவரை
என் அடுப்பு அணையாது.

திங்களன்று கதவு தட்டப்படும்.
செவ்வாயன்று அவள் நிமிர்வாள்.
நிமிர்ந்ததைப் புதனன்று மூன்று கோணத்தில், இடியோடு காட்டுவோம்.
தட்டியது பால்காரர் என்று வியாழன் தெரியவரும்.
வெள்ளிக்கிழமை அந்தப் பாலில்
ஏதோ மிதக்கும்.

ரேட்டிங் சரிந்தது.
தயாரிப்பாளர் எத்திராஜுலு
ஒரு பழைய புயலைக் கூட்டிவந்தார்: வஜ்ரவேலு.
வயது அறுபத்தொன்று, மீசைக்கு இருபத்தேழு.
நாற்பது படத்தில் ஒரு கீறல் படாத உடம்பு.
ஒப்பந்தத்திலேயே இருந்தது:
அன்னாருக்கு அடி விழலாகாது,
அன்னார் கதவைத் திறந்து நுழையலாகாது.

நுழைந்தார், சுவர் வழியாக.
(தெர்மாகோல்தான். ஆனாலும் என் பதினோரு வாரம்.)
கயிற்றை முறைத்தார். அவிழ்ந்தது.
பாலை மோந்தார்: "அரளி விதை. சின்ன மாமியார்."
எண்ணூறாவது எபிசோடுக்கென்று
நான் பொத்திவைத்திருந்த வாக்குமூலத்தைச்
சின்ன மாமியார் அங்கேயே
அழுதபடி ஒரே டேக்கில் சொல்லிவிட்டாள்.

அவசரமாக ஒரு வெடிகுண்டு வைத்தேன்.
சிவப்பு ஒயரா, பச்சை ஒயரா?
ஒரு மாதம் ஓட்டலாம்.
குண்டின் தலையில் ஒரு தட்டு தட்டினார்;
மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றுபோனது.
கோமாவில் கிடந்த கணவனை
"எழுந்திருப்பா" என்றார்.
எழுந்து, சட்டை மாட்டி, ஆபீஸ் போனான்.

விளம்பரம் உள்பட இருபத்திரண்டு நிமிடம்.
மிச்ச நேரத்துக்கு எல்லோரும்
இட்லி சாப்பிட்டார்கள்.

"நாளைக்கு என்னய்யா எடுக்கிறது?"
எத்திராஜுலு போனில் கேட்டார்.
தெரியாது என்றேன்.

மறுநாள் மழை.
வஜ்ரவேலுவின் கேரவன்
ஆற்காடு சாலையில்
மெட்ரோ பள்ளத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே.
முறைத்திருப்பார். லாரி அசையவில்லை.
பத்தரைக்கு, வடபழனி சிக்னல் தெரிகிறதாம்.
பதினொன்றரைக்கும் அதே சிக்னல்தான் தெரிந்தது.
யூனிட் மொத்தமும் ஸ்பீக்கர் போனைச் சுற்றி
மூச்சடக்கி நின்றது.
லைட்மேன் கையில் டீ ஆறியது.
தாட்சாயணி நகம் கடித்தபடி
தானாகவே வந்து
நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஹாரன். ஹாரன். யாரோ யாரையோ திட்டுவது.
பிறகு நாடறிந்த அந்தக் குரல்,
முதல்முறையாக ஒரு நடுக்கத்தோடு:
"தம்பி, இங்க யூ-டர்ன் எங்கப்பா இருக்கு?"

லைன் அறுந்தது.

நான் கயிற்றைத் தேடப் போனேன்.