வரும் நேரம்

ஆணையில் அவள் பெயர் பிழையாக இருந்தது.
ரவ்னாவை ரங்னா என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.
மாவட்ட மருத்துவர் கையொப்பம், நீதிமன்ற முத்திரை,
"மேற்படி நபரை வியாழன் மாலைக்குள்
மார்புப் படச் சோதனைக்கு ஆஜர்படுத்துக.
தேவைப்படின் பலம் பிரயோகிக்கலாம்."

பலம் என்றால் நான்.
ஐம்பத்தெட்டுக் கிலோ,
ஒழுகும் பூட்ஸ்,
அரசாங்கம் வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒரு மோட்டார் படகு.

எக்ஸ்ரே வண்டி பள்ளிக்கூட வாசலில் மூன்று நாளாய் நிற்கிறது.
ஊரே சட்டையைக் கழற்றி
குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி
இழுத்துப் பிடித்து விட்டு வந்தாயிற்று.
இருநூற்றுப் பதினான்கு மூச்சு.
அவளுடையது மட்டும் பாக்கி.

கடிதம் இரண்டு முறை போனது, நோர்வே மொழியில்.
அவள் கணக்குப் பார்ப்பதும் கனவு காண்பதும் சாமி மொழியில்.
வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.
வருகிறேன் என்றும் சொல்லவில்லை.
சட்டத்துக்கு இதெல்லாம் ஒன்றுதான்.

மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
போன டிசம்பரில் எதிர்க்கரையில்
ஒன்பது வயது மிக்கேல் தலையணை சிவக்க இருமிச் செத்தான்.
உறைந்த தரையில் தீ மூட்டி
மண் இளகும்வரை காத்திருந்து குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன்.
அவன் அக்காள் இன்னும் சானடோரியத்தில் இருக்கிறாள்.
ஆகவே படகை எடுத்தேன்.

ரவ்னா ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.
கத்தரியைக் கீழே வைக்காமலே தாளைப் பார்த்தாள்.
எழுத்தைப் பார்க்கவில்லை, முத்திரையைப் பார்த்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன் இதே அளவுத் தாள்
துறையின் கம்பத்தில் ஆணி அடித்துத் தொங்கியது.
இரண்டு மணி நேரத்தில் கிளம்பு என்றது.
கிளம்பியவர்கள் படகிலிருந்து திரும்பிப் பார்த்தபோது
கூரைகள் எரிந்துகொண்டிருந்தன.
இவள் கிளம்பவில்லை.
பாறை இடுக்கில், கவிழ்த்த படகுக்கடியில்
ஒரு குளிர்காலம் முழுதும்.
புகை தெரியாமல் சமைக்க இவளுக்குத் தெரியும்.

"அது ஜெர்மன்காரன் தாள், இது நாம் போட்ட சட்டம்" என்றேன்
என் ஓட்டைச் சாமி மொழியில்.
அந்த மொழியில் இருவருக்கு ஒரு 'நாம்',
பலருக்கு வேறொரு 'நாம்'.
எதைச் சொல்லித் தொலைத்தேனோ,
சிரித்துவிட்டாள்.

பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமை.
"போகும் நேரம் போட்டிருக்கிறாய்.
வரும் நேரம் எங்கே?"

பதினோரு வருஷ வேலையில்
எத்தனையோ பேரை ஆஜர்படுத்தியிருக்கிறேன்.
இதை யாரும் கேட்டதில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
பென்சிலை நாக்கில் நனைத்து எழுதினேன்:
இன்றிரவு எட்டு மணிக்குள், இதே துறையில். ஓட்வார்.
"ஆடு பதினொன்று என்றும் எழுது."
எழுதினேன்.

வண்டிக்குள் கறுப்பு ஏப்ரன் கட்டிய பெண்
"இழுங்கள், பிடியுங்கள்" என்றாள்.
ரவ்னா பிடித்தாள்.
"விடலாம்" என்றது அவளுக்குப் புரியவில்லை.
விளக்கு அணைந்தது, அடுத்த தகடு செருகியாயிற்று,
இன்னும் பிடித்திருக்கிறாள்,
கழுத்து நரம்பு புடைக்க,
பாறைக்கு மேலே யாரோ நடப்பதுபோல.
திரைக்கு இந்தப் பக்கம் நின்று
அவள் மொழியில் கத்தினேன்:
விடு, போய்விட்டார்கள்.

போய்விட்டார்கள் என்று ஏன் சொன்னேன், தெரியவில்லை.

திரும்பும்போது வடக்குக் காற்று.
மோட்டார் இரண்டு தடவை நின்றது.
துறையில் கயிறு கட்டும்போது மணி எட்டு இருபது.
"தாளைக் கொடு, கோப்பில் சேர்க்கவேண்டும்."
அதை மடித்து மேற்சட்டைக்குள் வைத்தாள்.
"இருபது நிமிடம் நீ எனக்குப் பாக்கி" என்று
ஆடுகளை எண்ணப் போனாள்.

படத்தின் முடிவு வர நான்கு வாரம் ஆகும்.
கோப்பில் எழுதினேன்:
ஆணை நிறைவேற்றப்பட்டது.
அசல் கைவசம் இல்லை.