உதைக்குச் சத்தம் வைப்பவள்

சுங்முரோவில், அச்சகத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை.
சுவர் முழுக்க முட்டை அட்டை.
ஒரு திரை, ஒரு மைக், நான்,
துணி அடிக்கும் இரண்டு கட்டைகள்.
கஞ்சி போட்ட துணியைக் கல்லில் வைத்து
மாமியார் தூங்கும்வரை அடித்துப் பழகிய கை.
அந்தக் கைக்குத்தான் தோக்கோ முதலாளி
ரீலுக்கு இவ்வளவு என்று பேசி முடித்தார்.

என்னிடம் வரும்போது படம் ஊமை.
வாய் அசையும். கத்தி அசையும்.
இன்சோன் துறைமுகத்தில் தங்கக் கடத்தல்.
போன படத்தில் அபின், அதற்கு முந்தியதில் வைரம்.
பெட்டி மட்டும் அதே பெட்டி;
மூன்று படமாக அதன் பூட்டு உடைந்தே இருக்கிறது,
எந்தத் திருடனும் கவனிக்கவில்லை.

வீ சங்-ஹியோக் உதைப்பான்.
இடது கால் முகத்துக்கு,
தரை தொடாமலே மறுபடி முகத்துக்கு,
மறுபடியும்.
கால் வந்ததா காற்று வந்ததா என்று தெரியாது.
மூன்றாவதற்கு எதிராளியே சற்றுக் குனிந்து
முகத்தை எடுத்துக் கொடுப்பான்.
இரண்டாவது டேக் என்றால்
இயக்குநர் நம்குங்குக்கு நெஞ்சு வலிக்கும்,
ஃபிலிம் விலை அப்படி.

முகத்துக்கு ஈரக் கம்பளி.
வயிற்றுக்கு, கிம்ச்சிக்கு வாங்கி வாடிய கோஸ்.
எலும்புக்குக் கட்டையாய்க் காய்ந்த கருவாடு:
பதினேழு பேரின் விலா உடைத்த அன்று
அதிலேயே சூப் வைத்துக் குடித்தோம்,
நானும் ஒலிப்பதிவுக்காரரும்.

விழுபவன் மா தல்-சு.
மீசை ஒட்டினால் ஹாங்காங் தாதா,
எடுத்தால் ஒசாகா கையாள்.
ஒரே கிடங்கில், ஒரே சண்டையில்,
மூன்று சட்டை மாற்றி மூன்று முறை செத்திருக்கிறான்.

ஒரு நாள் கையில் கட்டோடு படியிறங்கி வந்தான்.
தன் சாவை ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.
ஓட்டிக் காட்டினேன்.
"உதைக்குச் சத்தம் இருக்கிறது, அக்கா.
நான் விழுவதற்கு இல்லையே?"

விழுந்தவனை யார் பார்க்கிறார்கள் என்றேன்.
அதற்குள் காமிரா அடுத்தவனிடம் போய்விடுகிறது.
டேப்பும் காசுதானே.

"அந்தச் சிமெண்டுத் தரை சத்தம் போட்டது" என்றான்.
"நான் கேட்டேன்."

ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டது.
இனி நாலு மணிவரை
அவனும் வெளியே போக முடியாது, நானும்.

அரிசி மூட்டையைத் தள்ளிப் பார்த்தோம்.
இல்லை என்றான். அது நேர்மையாக விழுகிறது.
நனைந்த கோட்டு? இல்லை.
"முதலில் முழங்கை. பிறகு ஒன்றுமே இல்லை,
ஒரு மூச்சு நேரம்.
நான் தப்பித்துவிட்டேன் என்று தோன்றும்.
அப்புறம்தான் தலை."

இரண்டே முக்காலுக்கு
கட்டுப் போட்ட கையோடு அவனே விழுந்தான்,
என் மைக்குக்கு ஒரு முழம் தள்ளி.
நான் இரண்டாவது டேக் கேட்கவில்லை.

"இது யார்?" என்றார் தோக்கோ.
"நாயகன் உதையைவிடச் செத்தவன் சத்தம் பெரிதா? எடு."
எடுத்தேன்.
எடுத்து, கடைசிக் காட்சியில் வைத்தேன்.
எந்தக் கதையானாலும் முடிவில் போலீஸ் ஜீப் வரவேண்டும்,
இல்லாவிட்டால் தணிக்கையில் முத்திரை விழாது.
விசிலும் நான்தான் ஊதுவேன்.
அந்த விசிலுக்கு அடியில்
மா தல்-சு விழுந்துகொண்டிருந்தான்.

படம் யோங்துங்போவில் ஒன்பது நாள் ஓடியது,
மழை நாளையும் சேர்த்து.

நைந்த பிரிண்டை எடைக்குப் போட்டார்கள்.
வைக்கோல் தொப்பிக்கு விளிம்பு கட்ட
ஃபிலிம்தான் மலிவான நாடா.
ஆடி வெயில் போன்ற வெயில்,
நம்தேமுன் சந்தையில் ஒரு தொப்பியை எடுத்து
சூரியனுக்கு எதிரே சுற்றிப் பார்த்தேன்.
கட்டத்துக்குக் கட்டம் ஒரு கால் அந்தரத்தில்.
எதிரே தல்-சு,
முழங்கை இன்னும் தரைக்கு வரவில்லை.
ஓரமாக, தையலுக்குள் பாதி மறைந்து
ஒலித்தடத்தின் நெளிகோடு.
அது நான்.

"வாங்குவதாக இருந்தால் தலையில் போட்டுப் பாருங்கள்"
என்றான் கடைக்காரன்,
"இப்படிச் சுற்றினால் நாடா பிரிந்துவிடும்."